கான்பாலிக்: இப்னு பதூதா வரையாத நகரம்

பயண நூலொன்றை ஆராய்வோர் இரண்டு வினாக்களை எழுப்புதல் வேண்டும். ஆசிரியர் அவ்விடத்திற்குச் சென்றாரா என்பது ஒன்று. சென்றவர் அவ்விடத்தைக் கண்டாரா என்பது மற்றொன்று. முதல் வினாவை வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலமாக எழுப்பி வருகின்றனர். இரண்டாவது வினா இலக்கியத்தைச் சார்ந்தது. அதனை எழுப்புவோர் சிலரே. இப்னு பதூதாவின் ‘ரிஹ்லா’வில் சீனத்தின் வடதலைநகராகிய கான்பாலிக் பற்றி வரும் பகுதியை எடுத்துக்கொண்டு, இவ்விரு வினாக்களையும் ஒருங்கே எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்னு பதூதாவை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மொராக்கோ நாட்டுத் தான்ஜா நகரில் 1304இல் பிறந்தவர். 1325இல் ஹஜ்ஜை நாடிப் புறப்பட்டு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகைச் சுற்றியவர். சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய்யி என்னும் அறிஞர் எழுதிய நூல் 1355இல் முற்றுப்பெற்றது. நம் மீலாது மேடைகளில் அவர் பெயர் பெருமையோடு ஒலிக்கிறது. ஆனால் மேடைப் புகழ்ச்சி ஒரு நூலுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஊன்றிப் படித்து, நிறையையும் குறையையும் எடுத்துரைப்பதே ஆசிரியருக்கு நாம் செலுத்தும் உண்மையான மரியாதை.

நூல் கூறுவது

தில்லி சுல்தான் முஹம்மத் பின் துக்ளக்கின் தூதராகச் சீனப் பேரரசரிடம் அனுப்பப்பட்ட இப்னு பதூதா, கள்ளிக்கோட்டைக் கடலில் நேர்ந்த கப்பற் சேதத்தில் அரசப் பரிசுகளை இழந்தார். பின்னர் மாலத்தீவில் காழியாக இருந்தார். இலங்கையையும், மஅபர் எனப்பட்ட நம் தமிழகக் கரையையும், வங்கத்தையும், சுமத்ராவையும் கண்டார். அதன்பின் சீனத்துத் துறைமுகமான ஸைத்தூனை அடைந்தார். இன்றைய குவான்சோ அதுவே. அங்கிருந்து கன்ஸா என அவர் வழங்கும் ஹாங்சோ நகருக்குச் சென்று, ஆற்று வழியே அறுபத்து நான்கு நாள் பயணம் செய்து கான்பாலிக்கை அடைந்ததாக நூல் கூறுகிறது. கான்பாலிக் என்னும் துருக்கிச் சொல்லுக்குக் கானின் நகரம் என்பது பொருள். சீனர் அதனைத் தாதூ, அதாவது பெருந்தலைநகர் என்றனர். இன்று பெய்ஜிங் எனவும், அண்மைக்காலம் வரை பீக்கிங் எனவும் நாம் எழுதிவந்த ஊர் அதுவே.

அங்கே அவர் சாகர்ஜ் ஊரைச் சேர்ந்த ஷைகு புர்ஹானுத்தீனிடம் தங்கியதாகச் சொல்கிறார். தில்லி சுல்தான் நாற்பதாயிரம் தீனார் அனுப்பி அழைத்தும், அப்பொருளைக் கொண்டு தம் கடனைத் தீர்த்துவிட்டுச் சீனத்திற்குச் சென்றுவிட்ட பெரியார் இவர். கான் இவரை அந்நாட்டு முஸ்லிம்கள் அனைவருக்கும் தலைவராக்கியிருந்தாராம். நகரின் நடுவே அரண்மனை. அதன் பெரும்பகுதி செதுக்கு வேலை நிறைந்த மரக் கட்டடம். அதற்கு ஏழு வாயில்கள். கான் ஊரில் இல்லை. தம் உறவினன் ஒருவனோடு போரிடச் சென்றவர் களத்தில் கொல்லப்படுகிறார். அவருடைய உடல் பணிப்பெண்களோடும் அடிமை வீரர்களோடும் பெருங்குழியில் புதைக்கப்படுகிறது. குதிரைகள் கழுவேற்றப்பட்டுக் கல்லறைமேல் நிறுத்தப்படுகின்றன. நாட்டில் கலகம் மூளவே, ஷைகின் அறிவுரைப்படி நம் பயணி தெற்கே திரும்பிவிடுகிறார்.

இத்துடன் கான்பாலிக் முடிந்துவிடுகிறது.

வரலாறு கூறுவது

இப்பகுதியை வரலாற்றோடு ஒப்பிட்டால் பெரும் இடர்ப்பாடு எழுகிறது. அக்காலத்தில் கான்பாலிக்கில் ஆண்ட பேரரசர் தோகோன் திமூர். 1333இல் அரியணை ஏறிய அவர், மிங் படைகள் நெருங்கிய 1368ஆம் ஆண்டில்தான் தலைநகரைக் கைவிட்டு வடக்கே சென்றார், 1370இல் மறைந்தார். இப்னு பதூதா சீனத்தில் இருந்ததாகக் கொள்ளப்படும் 1346ஆம் ஆண்டில் அங்கே எந்தப் பேரரசரும் போரில் மாளவில்லை. மங்கோலியப் பேரரசர்களைத் தலைநகரில் அடக்குவதும் வழக்கமில்லை. அவர்களின் உடல்கள் தாயகப் புல்வெளிக்குக் கொண்டு செல்லப்பட்டு, இடம் தெரியாவண்ணம் மறைவாக அடக்கப்பட்டன.

காலக் கணக்கும் இடிக்கிறது. ஹிஜ்ரி 747ஆம் ஆண்டின் ரமலானை அவர் கொல்லத்தில் கழித்தார். அது 1346இன் இறுதிக்கும் 1347இன் தொடக்கத்திற்கும் உரிய காலம். வங்கம், சுமத்ரா, ஸைத்தூன், கன்ஸா ஆகியவற்றைக் கடந்து, அறுபத்து நான்கு நாள் வடக்கே போய், அதே தொலைவு திரும்பி வந்து, பருவக்காற்றைப் பிடித்துக் கொல்லம் சேர்வதற்கு அக்காலம் போதாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹென்றி யூல் முதலாகப் பல ஆய்வாளர்கள் கான்பாலிக் பயணத்தை ஐயுற்றமைக்கு இவையே காரணங்கள்.

இதைக் கேட்டவுடன் நம்மவருள் சிலர் வருந்துவர். மேனாட்டார் நம் பெரியாரை இழிவுபடுத்துகிறார்கள் என்று சினங்கொள்வோரும் உண்டு. ஆனால் இந்த ஐயத்தை முதலில் எழுப்பியவர்கள் மேனாட்டார் அல்லர். இப்னு பதூதா ஊர் திரும்பியபோதே மொராக்கோ அரசவையினர் அவர் கதைகளை நம்ப மறுத்தனர். இச்செய்தியைப் பதிவு செய்திருப்பவர் இப்னு கல்தூன். தாமும் ஐயுற்றதாகவும், அமைச்சர் ஃபாரிஸ் ஒரு கதை சொல்லித் தம்மைத் தடுத்ததாகவும் அவர் தம் ‘முகத்திமா’வில் குறிப்பிடுகிறார். சிறையிலேயே வளர்ந்த அமைச்சர் மகன் ஒருவன் தான் உண்ணும் இறைச்சி எது என்று தந்தையிடம் கேட்கிறான். ஆட்டிறைச்சி என்று தந்தை விளக்குகிறார். அவன் அறிந்த விலங்கு சிறையில் ஓடும் எலி ஒன்றே. ஆடு எலியைப் போல் இருக்குமோ என்று அவன் கேட்கிறான். நாம் காணாதது ஒன்று என்பதற்காக அது பொய்யாகிவிடாது என்பது இக்கதையின் கருத்து. ஆயினும் இப்னு கல்தூன் அத்துடன் நிற்கவில்லை. கேட்ட செய்தியை அறிவின் துலாக்கோலில் இட்டு, இயல்வதையும் இயலாததையும் பிரித்தறிய வேண்டும் என்றும் வலியுறுத்துகிறார்.

இம்முறை நமக்குப் புதியதும் அன்று. ஹதீஸ் கலை வல்லுநர்கள் அறிவிப்பாளர் ஒருவரின் நேர்மையையும் அவர் தந்த அறிவிப்பு ஒன்றின் வலிமையையும் தனித்தனியே எடைபோட்டனர். நம்பகமானவர் என்று பெயர் பெற்றவரின் தனி அறிவிப்பொன்று பலவீனமானதாக அமையலாம். அதனால் அவர் பொய்யராகிவிடுவதில்லை. நபிமொழியையே இத்துணை நுணுக்கமாகச் சோதித்த ஒரு சமுதாயம், பயணியின் மொழியைச் சோதிக்க ஏன் தயங்க வேண்டும்?

புளி கூறும் சான்று

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். ரிஹ்லாவின் சிறந்த பகுதிகளுக்குத் தனி அடையாளம் ஒன்று உண்டு. அவற்றில் ஆசிரியரின் உடம்பும் உள்ளமும் ஊர்மேல் படுகின்றன. நாம் நன்கறிந்த இடத்தையே உரைகல்லாகக் கொள்வோம்.

மஅபர் நாட்டில் அவர் தம் உறவினரான சுல்தான் கியாஸுத்தீனின் பாசறையில் தங்கினார். பிடிபட்ட ஆண்களோடு பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டதை அங்கே கண்டார். வேறெந்த அரசனும் செய்யாத கொடுமை என்று அதனை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். செய்தவன் முஸ்லிம் அரசன், தன் உறவினன் என்பவை அவர் நாவைக் கட்டவில்லை. மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்தது. அவருக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. இறைவன் தம் உள்ளத்தில் தோற்றுவித்தபடி, அங்கே மிகுதியாகக் கிடைத்த புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து மூன்று நாளில் தேறினார். அந்தப் புளிக்கரைசல் ஒன்று போதும், அவர் மதுரையில் இருந்தார் என்பதற்கு! கேள்விப்பட்டு எழுதுகிறவன் அரண்மனையைக் கட்டிவிடுவான். புளியைக் கரைக்க அவனுக்குத் தோன்றாது.

சீனப் பகுதியிலும் இத்தகைய இடங்கள் உண்டு. தென்சீன நகரொன்றில் தம்மைக் காண வந்த செல்வம் மிக்க அறிஞர் ஒருவரை அவர் உற்று நோக்குகிறார். எங்கோ பார்த்த முகம். அவர் மொராக்கோவின் ஸப்தா நகரைச் சேர்ந்த அல்புஷ்ரீ. தில்லியில் முன்பே சந்தித்தவர். இருவரும் கண்ணீர் விடுகின்றனர். பின்னாளில் ஸஹாராவின் விளிம்பிலுள்ள ஸிஜில்மாஸாவில் அவருடைய சகோதரரையும் இப்னு பதூதா சந்தித்து, இருவருக்கும் இடைப்பட்ட தொலைவை எண்ணி வியக்கிறார். கன்ஸாவிலோ அமீரின் மகனுடன் படகில் செல்கையில் பாடகர்கள் சீனத்திலும் அரபியிலும் பாரசீகத்திலும் பாடுகின்றனர். பாரசீகப் பாட்டை மீண்டும் மீண்டும் பாடச் செய்ததால் அது பயணிக்கு மனப்பாடமாகிவிடுகிறது. அது ஷீராஸ் கவிஞர் ஸஅதியின் பாடல் எனப் பிற்கால அறிஞர் கண்டறிந்தனர். ஸஅதி மறைந்து ஏறத்தாழ ஐம்பதாண்டுகளுக்குப் பின், சீனத்துப் படகில் அவர் கவிதை ஒலித்தது! பாடலின் ஆசிரியர் யாரென்று பயணிக்குத் தெரியாது என்பதே இச்செய்தியை நம்பத்தக்கதாக்குகிறது.

கான்பாலிக் பகுதியில் இத்தகைய புளியும் இல்லை, பாட்டும் இல்லை. ஷைகு புர்ஹானுத்தீன் ஒருவரே அங்கே அவர் நேரில் பழகியதாகப் பெயர் சுட்டும் மனிதர். அவரும் அறிவுரை கூறியதோடு மறைந்துவிடுகிறார். தொழுத பள்ளிவாசல், உண்ட உணவு, நடந்த தெரு, வட நாட்டுக் குளிர் ஒன்றுமே இல்லை. மன்னரின் சாவு மட்டும் விரிவாக இருக்கிறது. தென்சீனத் துறைமுகங்களில் வணிகர் வாயிலாகக் கேட்டறியக் கூடியது இத்தகைய செய்திதான்.

இதற்கு எதிரான சான்று ஒன்றையும் மறைத்தலாகாது. சீனரின் ஓவியத் திறனைப் புகழுமிடத்தில் அவர் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். சுல்தானின் நகரில் ஓவியர் கடைவீதி வழியே தோழர்களுடன் இராக்கிய உடையில் அரண்மனைக்குச் சென்றாராம். மாலையில் திரும்புகையில் அவர்களின் உருவங்கள் தாளில் வரையப்பட்டுச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தனவாம். அயலார் குற்றமிழைத்து ஓடினால் பிடிப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. சுல்தானின் நகரம் என்பது கான்பாலிக்காகவே இருக்கலாம். அவ்வாறாயின் அவர் அங்கே சென்றதற்கு இதுவே வலுவான சான்று. ஆனால் இது நகரைப் பற்றிய பகுதியில் இடம்பெறாமல், நாட்டைப் பற்றிய பொதுப் பகுதியில் தனித்து நிற்கிறது. சென்றார் என்றே கொண்டாலும் இரண்டாம் வினா தீரவில்லை. அந்நகரம் ஒரே பகலில் அவரை உற்று நோக்கி வரைந்துவிட்டது. அவர் அந்நகரை வரையவில்லை.

வரையப்படாத நகரம்

வரைந்திருந்தால் எதை வரைந்திருப்பார்? அதை அறிந்தால்தான் இழப்பின் அளவு விளங்கும்.

குப்லாய் கான் அந்நகரை 1267 முதல் கட்டுவித்தார். நகரமைப்பைத் திட்டமிட்டவர் லியு பிங்சோங் என்னும் சீன அறிஞர். அரண்மனைக் கட்டடப் பணிகளுக்குப் பொறுப்பேற்றவருள் ஒருவரைச் சீனச் சாசனம் யெஹெய்தியெர் என்கிறது. இது இக்தியாருத்தீன் என்னும் முஸ்லிம் பெயரின் சீன வடிவம் எனக் கருதுவர். இப்னு பதூதா வியந்த அரண்மனையின் உருவாக்கத்தில் அவருடைய மார்க்கச் சகோதரர் ஒருவரின் கை இருந்தது. அச்செய்தி அவர் நூலில் இல்லை. நகரம் எழுந்த அதே 1267இல் ஜமாலுத்தீன் என்னும் வானியலறிஞர் ஏழு கருவிகளைக் குப்லாய்க்கு அளித்தார். அவற்றுள் ஒன்று உலக உருண்டை. பத்தில் ஏழு பங்கு நீரைப் பச்சையாகவும் மூன்று பங்கு நிலத்தை வெண்மையாகவும் அது காட்டிற்று. நகரின் மேற்கே இன்றும் நிற்கும் வெள்ளைத் தூபியைக் கட்டியவர் நேபாளத்துச் சிற்பி அரனிகோ. நகருக்கு வடமேற்கே ஜூயுங்குவான் கணவாயில் 1342க்கும் 1345க்கும் இடையே எழுப்பப்பட்ட கல்வாயிலின் உட்சுவரில் பௌத்த மந்திரங்கள் ஆறு எழுத்துகளில் செதுக்கப்பட்டுள்ளன: சமஸ்கிருதத்திற்குரிய ரஞ்சனா எழுத்து, திபெத்திய எழுத்து, பக்ஸ்பா எழுத்து, உய்குர் எழுத்து, தங்குத் எழுத்து, சீன எழுத்து. நம் பயணி சென்றதாகச் சொல்லப்படும் ஆண்டிலே அச்செதுக்கல்களின் கூர்மைகூட மழுங்கியிராது.

நம் கரைக்கும் அந்நகருக்கும் நேர்த்தொடர்பு ஒன்று உண்டு. பாண்டியர் காலத்தில் மஅபர் அரசவையில் உயர்பொறுப்பு வகித்த முஸ்லிம் பெருமகன் ஒருவரைச் சீன ஆவணங்கள் ‘புஅலி’ என்கின்றன; அபூ அலி என்பது அதன் மூலவடிவம். குப்லாயோடு தொடர்பு கொண்டிருந்த அவர் 1291இல் சீனம் சென்றார். பேரரசர் அவருக்குக் கொரிய நாட்டுப் பெண் ஒருத்தியை மணமுடித்து வைத்தார். 1299இல் அவர் தலைநகரில் மறைந்தபோது உடல் தெற்கே குவான்சோவுக்குக் கொண்டு செல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. தமிழகக் கடற்கரையில் வாழ்ந்த முஸ்லிம் ஒருவர், கொரிய மனைவியுடன், மங்கோலியப் பேரரசின் சீனத் தலைநகரில் உயிர்நீத்தார் என்றால், அந்நகரம் எத்தகையது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமோ?

ஆயினும் அதனைப் பொற்காலமாகப் புனைந்துவிடலாகாது. அக்கலப்பு அதிகாரத்தின் நிழலில் நேர்ந்தது. மேற்கிலிருந்து வந்தவர்களுக்கு மங்கோலியர் சீனரைக் காட்டிலும் உயர்ந்த தகுதி அளித்தனர். வரி தண்டும் பொறுப்பிலிருந்த அஹ்மத் என்னும் முஸ்லிம் அமைச்சரை மக்கள் வெறுத்தனர். 1282இல் அவர் அந்நகரில் கொலையுண்டார். இஸ்லாமிய முறைப்படி விலங்கறுப்பதைக் குப்லாயே சில காலம் தடை செய்தார். இந்த இருண்ட பக்கத்தையும் ஒரு நல்ல பயணி எழுதியிருப்பான். மதுரையில் சுல்தானின் கொடுமையை மறைக்காத எழுதுகோல் அதற்கும் தகுதி பெற்றதே.

காணாமைக்குக் காரணம்

காரணத்தை இப்னு பதூதாவே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறார். சீனம் எவ்வளவு அழகுடையதாயினும் தமக்கு உவப்பளிக்கவில்லை. அங்கு நிலவிய இறைமறுப்பு தம்மை வருத்தியது. வெளியே சென்றால் வெறுக்கத்தக்கவற்றையே கண்டதால், தேவையின்றி வீட்டைவிட்டு வெளியேறவில்லை. முஸ்லிம்களைக் கண்டால் சொந்தக் குடும்பத்தைக் கண்டதுபோல் மகிழ்ந்தேன் என்னும் பொருள்பட எழுதுகிறார். அயலகத்தில் தனித்துத் துயருறும் மனிதனின் குரல் இது. இதனை நாம் எள்ளலாகாது. நேர்மைக்காகப் பாராட்டவும் வேண்டும். எனினும் ஈமானைக் காப்பதற்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பது விதியன்று. பூமியில் பயணம் செய்து சிந்திக்குமாறு திருமறை பலவிடங்களில் ஏவுகிறது. வீட்டினுள் இருந்தவருக்கு உறவினர் கிடைத்தனர், நகரம் கிடைக்கவில்லை.

அவர் காணத் தவறியது அந்நகர முஸ்லிம்களுள் நிகழ்ந்து கொண்டிருந்த பெரியதொரு மாற்றம். வந்தவர்கள் மெல்ல அம்மண்ணின் மக்களாயினர். மங்கோலிய ஆட்சி வீழ்ந்தபின் அவர்கள் திரும்பிச் செல்லவில்லை. சீனம் பேசினர், சீனப் பெயர் பூண்டனர், தொழுகையை விடவில்லை. பெய்ஜிங்கின் நியூஜியே பள்ளிவாசல் அதற்குச் சான்று. 996இல் தோன்றியது என்று அப்பள்ளியின் மரபு கூறும். மிங், சிங் அரசர் காலங்களில் விரிவு பெற்ற கட்டடம் முழுவதும் சீனப் பாணி மர வேலை. சரிந்திறங்கும் ஓட்டுக் கூரை, பிறை பார்ப்பதற்கென்று எழுப்பிய அறுகோண மாடம், சிவப்புத் தூண்களின்மேல் பொன்னெழுத்தில் அரபு வாசகங்கள், மேற்கு நோக்கிய கிப்லா. முற்றத்தில் மங்கோலியர் காலத்து ஷைகுமார் இருவரின் அடக்கத்தலங்களும் அரபுக் கல்வெட்டுகளும் உள்ளன. காங்ஷி பேரரசரின் 1694ஆம் ஆண்டு ஆணை தாங்கிய பலகையும் அங்குண்டு. ரமலான் இரவுகளில் கூடிய முஸ்லிம்கள் சதி செய்வதாகச் சொல்லப்பட்ட பழியைப் பேரரசர் நீக்கிய வரலாற்றோடு அது இணைத்துப் பேசப்படுகிறது.

நூலுலகிலும் இதுவே நிகழ்ந்தது. நான்ஜிங்கில் பிறந்து பெய்ஜிங்கில் மறைந்த வாங் தாய்யூ 1642இல் மார்க்க விளக்க நூலைச் சீன மொழியில், சீனச் சிந்தனை மரபின் சொற்களைக் கொண்டே எழுதினார். சீன மொழியை அரபு எழுத்தில் எழுதும் முறையும் அம்மக்களிடையே வளர்ந்தது. அதற்குச் சியாவோ எர்ஜிங் என்று பெயர். அரபுத்தமிழ்க் கிதாபுகளை ஓதிய பாட்டிமாரின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இது விளங்காததா? கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியின் கருங்கல் தூண்களுக்கிடையே தொழுதவர்க்கு, நியூஜியேயின் மரத்தூண்கள் அந்நியமாகுமா?

இன்று இதனை அழுத்திச் சொல்ல வேண்டிய தேவையும் இருக்கிறது. 2018க்குப் பின் சீனத்தின் பல பள்ளிவாசல்களில் குவிமாடங்களும் மினாராக்களும் சீனமயமாக்கல் என்னும் அரசுக் கொள்கையின் பேரால் அகற்றப்பட்டன. நியூஜியேயைக் காட்டி இதை நியாயப்படுத்துவோர் உண்டாயின் அவர்கள் தவறிழைக்கிறார்கள். நியூஜியேயின் கூரையை எவரும் ஆணையிட்டு மாற்றவில்லை. தலைமுறை தலைமுறையாக அங்கே தொழுதவர்கள் தம் விருப்பால் அமைத்துக்கொண்டது அது. மக்கள் தாமே சூடியதும், பிறர் வலிந்து சூட்டுவதும் தோற்றத்தில் ஒத்திருந்தாலும் ஒன்றாகிவிடா. அதுபோலவே, குவிமாடம் இல்லாத பள்ளி முழுமையான பள்ளியாகாது என்று கருதும் நம்மவர் சிலரின் எண்ணமும் வரலாறு அறியாததே.

முடிவாக, ரிஹ்லாவின் மதுரைப் பக்கங்களையும் கன்ஸாப் பக்கங்களையும் கண்டவரின் சான்றாக ஏற்கலாம். கான்பாலிக் பக்கங்களைக் கேட்டவரின் செய்தியாகவே கொள்ளுதல் தகும். அதனால் இப்னு பதூதாவின் புகழ் குன்றாது. ஏனைய பக்கங்களின் ஒளி இதனால் கூடவே செய்யும். வாணிகமும் கல்வியும் சுற்றுலாவும் கருதி இந்நாளில் பெய்ஜிங் செல்லும் நம் இளைஞர் பலர். ஹலால் உணவுக்கடையையும் பள்ளிவாசலையும் விசாரித்தறிந்து போவது நன்று. அவற்றோடு நின்றுவிட வேண்டா. வெள்ளைத் தூபியையும், ஆறெழுத்து வாயிலையும், மங்கோலியர் கட்டிய மண்மதிலின் எச்சத்தையும் பார்த்துவிட்டு, அங்குள்ள மக்களுடன் உரையாடிவிட்டு எழுதட்டும். இப்னு பதூதா எழுதாமல் விட்ட அத்தியாயம் இன்னும் எழுதப்படாமலே கிடக்கிறது.